பாதி மாத்திரையின் கணக்கு: நாயின் மூட்டு வலியும் பாதுகாப்பான நிவாரணமும்

ஜூலிக்கு அப்போது ஒன்பது வயது. லாப்ரடார். ஒரு கார்த்திகை மாதக் காலையில் கூடத்து டைல்ஸ் தரையிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தாள். பின்னங்கால்கள் ஆளுக்கொரு பக்கமாக வழுக்கிப் போயின. மூன்றாவது முயற்சியில் எழுந்து, விறைப்பாக நாலைந்து அடி நடந்து, அப்புறம் சரியாகிவிட்டாள். வாலை ஆட்டினாள், சாப்பிட்டாள், ஒரு முனகல் இல்லை. வீட்டில் அம்மாவின் முழங்கால் வலிக்கு வாங்கிய டைக்ளோஃபினாக் அட்டை இருந்தது. "மனுஷனுக்கு ஒண்ணுன்னா நாய்க்குப் பாதி" என்று நானே கணக்குப் போட்டு, பாதி மாத்திரையை வாழைப்பழத்துக்குள் பொதிந்து கொடுத்தேன். காலையும் இரவும், மூன்று நாள். நான்காம் நாள் வாந்தி எடுத்தாள். மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுவென்று போனது. வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் செரித்து வெளியே வந்தால் அப்படித்தான் இருக்கும் என்று கால்நடை மருத்துவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. டிரிப்ஸ் ஏற்றி, வயிற்றுப்புண்ணுக்கு மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்தார்.

அந்தக் குற்ற உணர்ச்சியில் இன்னொரு தவறும் செய்தேன். இனி எந்த வலி மாத்திரையும் வேண்டாம் என்று ஓராண்டு எதுவுமே கொடுக்காமல் விட்டேன். அந்த ஓராண்டில் ஜூலியின் பின்தொடைச் சதை கரைந்தது. மாடிப்படி ஏறுவதை விட்டாள். கேட் சத்தம் கேட்டால் பாய்ந்து போகிறவள், படுத்த இடத்திலிருந்தே தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள். தெரியாமல் கொடுத்த மருந்து அவளை நாலு நாள் வதைத்தது. பயந்துபோய்க் கொடுக்காமல் விட்ட மருந்து ஓராண்டு வதைத்தது. நாய் வளர்க்கும் நம் வீடுகளில் இந்த இரண்டு தவறுகளும் அடுத்தடுத்து நடப்பதைப் பிறகு பலமுறை பார்த்துவிட்டேன். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. கடந்த 30 ஆண்டு கால்நடை மருத்துவ ஆராய்ச்சி அந்த வழியைப் போதிய அளவு தெளிவாக்கியும் இருக்கிறது.

வலி எப்படித் தெரியும்?

மூட்டுத் தேய்மானத்தை முதுமையின் நோய் என்றே நாம் எண்ணுகிறோம். மனிதர்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். நாய்களில் அதன் விதை பல நேரங்களில் குட்டிப் பருவத்திலேயே விழுந்துவிடுகிறது. இடுப்பு மூட்டின் பந்தும் கிண்ணமும் சரியாகப் பொருந்தாமல் வளர்வது, முன்னங்கால் முட்டி சீராக அமையாமல் போவது, முழங்கால் சில்லு விலகுவது, முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் நார் அறுந்துபோவது ஆகியவை முக்கியக் காரணங்கள். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், ராட்வைலர் போன்ற கனத்த இனங்களில் இடுப்புக் கோளாறு மிகுதி. பொமரேனியன் போன்ற சின்ன இனங்களில் முழங்கால் சில்லு விலகல் மிகுதி. தெருவில் வண்டி மோதிப் பிழைத்த நாட்டு நாய்க்கு அடிபட்ட மூட்டே பின்னாளில் தேய்கிறது. குருத்தெலும்பு உரசித் தேயத் தேய மூட்டுப்பை வீங்குகிறது, ஓரங்களில் எலும்பு முளைக்கிறது, அசைவு குறைகிறது, அசைவு குறைந்ததால் சதை வற்றுகிறது, சதை வற்றியதால் மூட்டுக்குத் தாங்கல் இல்லாமல் இன்னும் தேய்கிறது.

நாய் கத்தினால்தான் வலி என்று நினைப்பது பெரிய பிழை. நாள்பட்ட வலியில் நாய் கத்துவதில்லை. தூங்கி எழுந்ததும் விறைப்பு, சோபாவில் ஏறுமுன் ஒரு தயக்கம், காரில் ஏற மறுப்பது, உட்காரும்போது ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொள்வது, ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருப்பது, தொட்டால் உறுமுவது, மற்ற நாய்களோடு விளையாடாமல் ஒதுங்குவது ஆகியவைதான் அதன் மொழி. பின்னங்காலை இழுத்து நடப்பதால் நகத்தின் முன்பக்கம் தேய்ந்திருப்பதைச் சிலர் கவனிப்பார்கள். "வயசாயிடுச்சு, அதான் அமைதியாயிடுச்சு" என்று நாம் சொல்லும் பல நாய்கள் வலியில் அமைதியானவை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இதற்கென 11 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளை உருவாக்கியிருக்கிறார்கள். கடந்த ஒரு வாரத்தில் வலி எவ்வளவு, அது நடப்பதை, ஓடுவதை, எழுந்திருப்பதை, படியேறுவதை எவ்வளவு தடுத்தது என்று வீட்டுக்காரரே மதிப்பெண் போட வேண்டும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் போட்டுப் பார்த்தால் மருந்து வேலை செய்கிறதா என்பது எண்ணில் தெரியும். இது ஏன் தேவை என்றால், கண் நம்மை ஏமாற்றும். மூட்டு வலி உள்ள நாய்களுக்கு வெற்று மாத்திரை கொடுத்துவிட்டு, நடைவிசையை அளக்கும் கருவியோடு ஒப்பிட்ட 2012ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், கருவி முன்னேற்றம் எதையும் காட்டாத பல நாய்களை வீட்டுக்காரர்களும் மருத்துவர்களும் தேறிவிட்டதாகவே மதிப்பிட்டார்கள். அன்பு உள்ள கண்ணுக்கு ஆசைப்பட்டதே தெரிகிறது. வினாத்தாள் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. வாரம் ஒருமுறை, அதே இடத்தில், அதே நேரத்தில், நாய் எழுந்து நடப்பதைக் கைபேசியில் அரை நிமிடம் படம் பிடித்து வைத்தால் போதும்.

நொண்டுவதெல்லாம் மூட்டுத் தேய்மானம் ஆகாது. நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணிக் காய்ச்சல். பழுப்பு நாய் உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி மூட்டுகளில் வீக்கத்தையும் நொண்டலையும் கொண்டுவரும். இன்று ஒரு கால், நாளை இன்னொரு கால் என்று மாறி மாறி நொண்டும். அந்தக் கிருமி ரத்தத் தட்டணுக்களையும் குறைத்துவிடும். ரத்தம் உறையும் சக்தியே குறைந்திருக்கும் நாய்க்கு வலி மாத்திரை கொடுத்தால் உள்ளுக்குள் ரத்தக் கசிவை நாமே அழைத்து வருகிறோம். அந்த நாய்க்கு வேண்டியது டாக்ஸிசைக்ளின் போன்ற கிருமிக்கொல்லி. பெரிய இன நாய் ஒரே காலை நாளுக்கு நாள் மோசமாக நொண்டினால் எலும்புப் புற்றுநோயையும் எக்ஸ்ரே எடுத்து விலக்கிக்கொள்ள வேண்டும். முதுகுத்தண்டில் நரம்பு அழுந்தினாலும் பின்னங்கால் தள்ளாடும். நோயைப் பெயர் சொல்லிக் கண்டுபிடிக்காமல் வலியை மட்டும் அமுக்குவது, அலாரம் அடிக்கும்போது அதன் கம்பியை அறுப்பது போலத்தான்.

நம் மருந்து டப்பா

டைக்ளோஃபினாக் ஜூலியின் வயிற்றை ஏன் புண்ணாக்கியது? திசு காயப்பட்டால் உடல் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள்களைச் சுரக்கிறது. வலியும் வீக்கமும் அவற்றால் வருகின்றன. ஆஸ்பிரின் வகை மருந்துகள் அந்தச் சுரப்பைத் தடுக்கின்றன என்று 1971ல் கண்டு சொன்னவர் ஜான் வேன். அதற்காக 1982ல் நோபல் பரிசு பெற்றார். சிக்கல் என்னவென்றால், வயிற்றின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் இதே புரோஸ்டகிளாண்டின்கள்தான். வலியைத் தடுக்கும் மாத்திரை இந்தக் காவலையும் சேர்த்தே எடுத்துவிடுகிறது. மனித உடல் ஓரளவு தாக்குப்பிடிக்கும். நாயின் கல்லீரலும் குடலும் இந்த மருந்துகளை வேறு வேகத்தில் கையாள்கின்றன. நேப்ராக்ஸன் மனித உடலில் ஏறக்குறைய அரை நாளில் பாதியாகக் குறையும். நாயின் உடலில் பாதியாகக் குறைய மூன்று நாள் வரைகூட ஆகலாம். நேற்றைய மாத்திரை அப்படியே இருக்க, இன்றைய மாத்திரை அதன்மேல் ஏறுகிறது.

இபுபுரோஃபென் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் 10 கிலோ நாய் விழுங்கினால், கிலோவுக்கு 40 மில்லிகிராம். வயிறு புண்ணாக அது போதும். தினமும் கொடுத்தால் அதைவிட மிகக் குறைந்த அளவே போதும். அளவு ஏற ஏறச் சிறுநீரகம், பிறகு மூளை என்று சேதம் பரவும். ஆஸ்பிரினை முன்பு கால்நடை மருத்துவர்களே எழுதிக் கொடுத்ததுண்டு. வயிற்றுப்புண்ணும் ரத்தம் உறையாமையும் கண்டபின் மூட்டு வலிக்கு அதைப் பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். பாராசிட்டமால் கொஞ்சம் வேறு. நாய்க்கென அளந்த பாராசிட்டமால் மாத்திரை பிரிட்டனில் அனுமதி பெற்றே விற்கிறது, மருத்துவர் சொல்லும் அளவில் அது பயன்படும். அளவு மீறினால் கல்லீரல் கெடும். பூனையும் இருக்கும் வீட்டில் இது மிக முக்கியம்: ஒரே ஒரு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

நம் மருந்துக்கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது கூட்டு மாத்திரை. அசிகுளோஃபினாக்கோடு பாராசிட்டமால், டைக்ளோஃபினாக்கோடு தசை தளர்த்தி என்று ஒன்றுக்குள் இரண்டு மூன்று மருந்துகள். மாடு வைத்திருக்கும் வீட்டில் மாட்டுக்கான பெரிய போலஸ் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் நடக்கிறது. உடைத்த துண்டில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. வலித் தைலமும் ஸ்ப்ரேயும் வெளியேதானே தடவுகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். நாய்க்குத் தடவியது எல்லாம் நாயின் வயிற்றுக்குள் போகும், ஏனென்றால் அது நக்கும். தைலங்களில் உள்ள மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினின் உறவு, கற்பூரமும் நஞ்சு.

ஏற்கெனவே விழுங்கிவிட்டதா? உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே நாயைக் கொல்லலாம். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். முதல் ஓரிரு மணி நேரம்தான் விலைமதிப்பற்றது.

நாய்க்கென்று அளந்த மருந்து

அதே வகை மருந்துகளில் நாயின் உடலில் சோதித்து, நாய்க்கு அளவு வகுத்தவை உண்டு. கார்ப்ரோஃபென் முதலில் மனிதருக்கு விற்கப்பட்ட மருந்து. 1996ல் அமெரிக்காவில் நாய்களுக்கு அனுமதி பெற்று, மூட்டு நோய் சிகிச்சையையே மாற்றியது. மெலாக்சிகாம், ஃபிரோகாக்ஸிப், ரோபினாகாக்ஸிப் அடுத்தடுத்து வந்தன. 2016ல் அனுமதி பெற்ற கிராபிபிரான்ட், புரோஸ்டகிளாண்டின் சுரப்பைத் தடுக்காமல், அது வலியைக் கடத்தும் ஒரே ஒரு வாசலை மட்டும் அடைக்கிறது. மூட்டுத் தேய்மான வலிக்கு இன்றுவரை வலுவான சான்று உள்ளது நாய்க்கென அளந்த இந்த வகை மருந்துகளுக்குத்தான். இந்த மருந்துகளைக் கண்டு மிரள வேண்டியதில்லை, சட்டதிட்டத்தோடு கொடுக்க வேண்டும்.

அந்தச் சட்டதிட்டத்தில் முதலாவது எடை. மெலாக்சிகாமை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக மருத்துவர் எழுதுவது முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், மறுநாளிலிருந்து தினம் ஒருமுறை கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 10 கிலோ நாய்க்குத் தினம் 1 மில்லிகிராம். மனிதருக்கான மெலாக்சிகாம் மாத்திரை 7.5 மில்லிகிராமிலும் 15 மில்லிகிராமிலும் வருகிறது. 7.5ல் பாதி கொடுத்தால் 3.75. வேண்டியதைப் போல நாலு மடங்கை நெருங்குகிறது. 15ல் பாதி கொடுத்தால் ஏழரை மடங்கு. மருந்தின் பெயர் சரி, கொடுத்தவர் எண்ணமும் சரி, பாதி மாத்திரை என்ற கணக்குதான் நாயைக் கொல்கிறது. நாய்களுக்கான மெலாக்சிகாம் திரவமாக, மில்லிக்கு 1.5 மில்லிகிராம் என்ற அளவில் வருவது இதற்காகத்தான். இன்று ஜூலிக்கு அளந்து கொடுப்பது 2 மில்லி.

அந்தப் புட்டியும் ஊசியில்லாத சிரிஞ்சும் எங்கள் சமையலறை அலமாரியில் இருக்கின்றன. சாப்பாட்டோடு சேர்த்தே கொடுக்கிறோம். சாப்பிடாத நாளில் மருந்தும் இல்லை, மருத்துவருக்கு ஒரு போன் உண்டு. வாந்தி, கழிச்சல், கறுத்த மலம், தண்ணீரை அதிகமாகக் குடிப்பது, கண்ணிலும் ஈறிலும் மஞ்சள், இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே நிறுத்த வேண்டும். தொடங்குமுன் ரத்தம் எடுத்துக் கிரியாட்டினின், கல்லீரல் நொதிகள் பார்க்க வேண்டும். சில வாரம் கழித்து மறுபடி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பணச் செலவு என்று பலர் தட்டிக் கழிப்பது இந்தப் பரிசோதனையைத்தான். 1998ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில், கார்ப்ரோஃபென்னால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 21 நாய்களில் 13 லாப்ரடார்கள். அது மிக அரிதாக நடப்பது. நடந்தால் சீக்கிரம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு வலி மாத்திரைகளை ஒன்றாகக் கொடுக்கக் கூடாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது சில நாள் இடைவெளி விட வேண்டும். ஸ்டீராய்டோடு சேர்க்கவே கூடாது. நம் ஊரில் நொண்டி வரும் நாய்க்கு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்புவது சாதாரணம். மறுநாளே நாய் துள்ளும், வீட்டுக்காரருக்கும் மகிழ்ச்சி. அடுத்த வாரம் வேறொருவர் மெலாக்சிகாம் எழுதுவார். ஊசி போட்டது அவருக்குத் தெரியாது. குடல் ஓட்டையாகி நாய் இறப்பது இந்தச் சேர்க்கையில் நடக்கும். ஆகவே போட்ட ஊசியின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

இன்னொரு கூட்டத்தை யாரும் நினைப்பதில்லை. வயதான பொமரேனியன்களில் பலவற்றுக்கு இதய வால்வு கெட்டிருக்கும், அதற்காக எனலாபிரில், ஃப்ரூசமைடு போன்ற மாத்திரைகளை எடுத்துக்கொண்டிருக்கும். அவற்றோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடி. கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் சோர்ந்து கிடக்கும் நாய்க்கும் அப்படியே. வலி மாத்திரையோடு அமிலம் குறைக்கும் மாத்திரை ஒன்றும் கொடுத்தால் வயிறு பத்திரம் என்று பலர் நம்புகிறார்கள். ஆரோக்கியமான நாய்க்கு அதை முன்கூட்டியே கொடுப்பதால் பயன் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று அமெரிக்கக் கால்நடை உள்நோய் மருத்துவர் கழகம் 2018ல் கூறியது.

மெலாக்சிகாம் பற்றிப் பேசும்போது கழுகுகளைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. டைக்ளோஃபினாக் கொடுத்த மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன என்ற உண்மை 2004ல் நேச்சர் இதழில் வெளியானது. இந்தியாவின் முக்கியக் கழுகினங்கள் அதற்குள் 95 சதவீதத்துக்கும் மேல் அழிந்திருந்தன. 2006ல் அரசு கால்நடைக்கு டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. மனிதருக்கான பெரிய புட்டி ஊசி மருந்து கால்நடைக்குத் திருப்பி விடப்பட்டதால், 2015ல் அதையும் 3 மில்லி அளவுக்குச் சுருக்கியது. மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2017ல் அந்தக் கட்டுப்பாட்டை உறுதி செய்தது. கீட்டோப்ரோஃபென், அசிகுளோஃபினாக் ஆகியவை 2023ல் கால்நடைக்குத் தடையாயின. நீலகிரி மோயாறு பள்ளத்தாக்கில் இன்று வட்டமிடும் கழுகுகளுக்குப் பாதுகாப்பான மாற்று என்று கண்டறியப்பட்டதும் மெலாக்சிகாம்தான். அம்மாவின் அட்டையிலிருந்து நான் கிள்ளிய மருந்து, இந்த நாட்டில் எந்த விலங்குக்கும் கொடுக்கச் சட்டம் இடம் தராத மருந்து. அது எனக்குத் தெரியாமல் இருந்தது வெட்கம்.

ஒரு மருந்து போதாதபோது

சில நாய்களுக்கு ஒரு மருந்து போதாது, சிலவற்றுக்குச் சிறுநீரகம் இடம் தராது. கபாபென்டின் நரம்பு வலிக்கு உதவும் என்று பரவலாக எழுதப்படுகிறது. மூட்டு வலிக்கு அதன் சான்று மெலிது, தூக்கம் வரும். மனிதருக்கான திரவ கபாபென்டினில் சில வகைகளில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறது, அது நாய்க்குக் கடும் நஞ்சு. அமன்டடின் மெலாக்சிகாமோடு சேர்ந்தபோது அதிகப் பலன் தந்ததாக 2008ல் ஓர் ஆய்வு காட்டியது. டிராமடாலை நான் ஒதுக்கிவிடச் சொல்வேன். மனிதக் கல்லீரல் அதை வலுவான வலிநீக்கியாக மாற்றுகிறது, நாயின் கல்லீரல் அந்த மாற்றத்தைச் சரிவரச் செய்வதில்லை. 2018ல் மூட்டு வலி நாய்களில் செய்த சோதனையில் அது வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. இன்னும் அது எழுதப்படுகிறது என்பது வருத்தம்.

புதிதாக வந்திருப்பது மாதம் ஒருமுறை தோலுக்கடியில் போடும் பெடின்வெட்மாப் ஊசி. வலி நரம்பைத் தூண்டும் ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் அது. ஐரோப்பாவில் 2020லும் அமெரிக்காவில் 2023லும் அனுமதி பெற்றது. கல்லீரல், சிறுநீரகப் பாதையில் போகாததால் மாத்திரை ஒத்துக்கொள்ளாத நாய்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, தள்ளாட்டம், வலிப்பு, சிறுநீர் கட்டுப்படாமை, மரணம் உள்ளிட்ட புகார்கள் வந்திருப்பதைச் சுட்டியது. இதே வழியில் மனிதருக்கென உருவாக்கிய டனெசுமாப், மூட்டுகள் வேகமாகச் சிதைந்த அச்சத்தால் 2021ல் கைவிடப்பட்டது. பலன் உண்மை, எச்சரிக்கையும் உண்மை. நரம்புக் கோளாறு ஏற்கெனவே உள்ள நாய்க்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

சத்து மாத்திரைகளில் விற்பனைதான் முன்னே ஓடுகிறது, சான்று பின்தங்கி நிற்கிறது. மீனெண்ணெயின் ஒமேகா-3க்கு மட்டும் நம்பத்தக்க ஆதரவு உண்டு. 2022ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பீடு ஒமேகா-3ஐ ஆதரித்து, மிக அதிகமாக விற்கும் குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் கூட்டை மூட்டு வலிக்கு இனிப் பரிந்துரைக்க வேண்டாம் என்று முடித்தது. வாங்கும்போது அட்டையின் பின்புறம் படியுங்கள். 1000 மில்லிகிராம் மீனெண்ணெய் மாத்திரை ஒன்றில் வேலை செய்யும் இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் 300 மில்லிகிராம்தான். காட் மீன் ஈரல் எண்ணெய் வேறு, அதில் வைட்டமின் ஏ, டி மிஞ்சிவிடும். மஞ்சள், பிரண்டை கொடுப்பவர்களை நான் அறிவேன். சாப்பாட்டில் ஒரு சிட்டிகை மஞ்சள் தீங்கு செய்யாது. அதை நம்பி வலி மருந்தை நிறுத்துவதுதான் தீங்கு.

முழங்கால் நார் அறுந்த நாய்க்கும், இடுப்பு முற்றிலும் சிதைந்த இளம் நாய்க்கும் அறுவை சிகிச்சையே சரியான வலி நிவாரணம். அதை மாத்திரையால் தள்ளிப்போடக் கூடாது.

எடையும் தரையும்

எல்லாவற்றையும் படித்து முடித்தபோது என்னை உலுக்கியது ஒரு மருந்தும் அல்ல, ஒரு சாப்பாட்டுத் தட்டு. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒரு குட்டி சாப்பிட்டதில் கால் பங்கு குறைத்து அதன் இணைக்குப் போட்டு, வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தார்கள். முடிவு 2002ல் வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவற்றின் சராசரி ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2 ஆண்டு. அதிகம் சாப்பிட்ட கூட்டத்தில் பாதி நாய்களுக்கு 10.3 வயதிலேயே மூட்டு நோய்க்குத் தொடர் மருந்து தேவைப்பட்டது. குறைவாகச் சாப்பிட்ட கூட்டத்தில் அந்த நிலை வர 13.3 வயதானது. மூன்று ஆண்டு வலியில்லாத வாழ்வை எந்த மாத்திரை தந்திருக்கிறது? பருத்த நாய்கள் உடல் எடையில் ஆறு சதவீதம் அளவுக்குக் குறைந்தாலே நொண்டல் குறைந்ததை 2010ல் இன்னொரு ஆய்வு காட்டியது.

நம் வீட்டு லாப்ரடார்களைப் பாருங்கள். தயிர் சாதம், பிஸ்கட், யார் சாப்பிட்டாலும் கடைசிக் கவளம், தீபாவளிக்கு ஒரு துண்டு மைசூர்பாகு. விலா எலும்பு கையில் தட்டுப்படாது. ஜூலியைத் தூக்கி நிறுத்தி எடை பார்க்க வீட்டில் வழியில்லை. தெருமுனை அரிசி மண்டிக்குக் கூட்டிப்போய், மூட்டை வைக்கும் எடைமேடையில் உட்கார வைத்தோம். 37 கிலோ. மண்டிக்காரர், "ஒண்ணரை சிப்பம்" என்றார். அன்றிலிருந்து சோற்றைக் கரண்டியால் அள்ளாமல் தராசில் நிறுத்தோம். பிஸ்கட்டுக்குப் பதில் வெள்ளரிக்காய், வேகவைத்த பூசணி. எட்டு மாதத்தில் 30 கிலோவுக்கு வந்தாள். மருந்தின் அளவும் அதற்கேற்ப இறங்கியது.

தரையும் ஒரு மருந்துதான். பளபளக்கும் டைல்ஸும் கிரானைட்டும் மூட்டு வலி நாய்க்குப் பனிக்கட்டி போல. ஒவ்வொரு வழுக்கலும் தேய்ந்த மூட்டை இழுத்துப் பிய்க்கிறது. ஜூலி நடக்கும் பாதை முழுக்கச் சாக்கையும் பழைய யோகா பாயையும் விரித்தோம். கூடம் அழகாக இல்லை, ஆனால் எழும்போது கால் விரியவில்லை. நகத்தையும் பாதத்தின் அடிமுடியையும் வெட்டினால் பிடிப்பு இன்னும் கூடும். காருக்கும் படிக்கும் ஒரு சாய்வுப் பலகை, படுக்க நாலு விரற்கடை பஞ்சு மெத்தை, மழைக்காலக் காலையில் பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடற்கரைக்கு ஓட்டிப்போய் ஓடவிட்டு, வாரம் முழுக்கக் கட்டிப்போடுவது மூட்டுக்குப் பகை. தினம் இரண்டு மூன்று முறை, பதினைந்து நிமிடம், கயிற்றோடு நிதானமாக நடப்பது சதையைக் காக்கும். நீந்த இடமிருந்தால் அதைவிட நல்லது.

மாவட்டத் தலைநகரங்களில் அரசுக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. சென்னை வேப்பேரியில் 1903ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் எலும்பு, மூட்டு சிகிச்சைக்கெனத் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். 'மாட்டாஸ்பத்திரி' என்று ஒதுக்காமல் போங்கள். போகும்போது மூன்று பொருளைக் கையில் கொண்டுபோங்கள்: நாய் எழுந்து நடக்கும் அரை நிமிடப் படம், இதுவரை கொடுத்த எல்லா மருந்தின் அட்டை, நாயின் எடை.

எங்கள் மருந்து டப்பாவின் மூடியில் இப்போது ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. அதில் மருத்துவரின் எண், கடைசி ரத்தப் பரிசோதனைத் தேதி, அதன் கீழே: ஜூலி, 30 கிலோ, 2 மில்லி, சாப்பாட்டோடு.